அறுந்து போவதற்கென்றே ஒரு நரம்பு

அக்கா வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது மச்சான் கேட்டார்: "மாப்ளே, சனிக்கிழமை சும்மாத்தானே இருக்கே? ஆத்துக்குப் போவோமா?"

குளிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் துண்டு, சோப்பு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தத் தண்ணியில குளிச்சா நீ ஊருக்குப் பார்சல்லதான் போகணும். இவர் மீன் பிடிக்கக் கூப்பிடறார்டா."

மச்சானுக்கு சியாட்டில் பக்கத்தில் ரெட்மண்டில் கம்ப்யூட்டர் உத்தியோகம். வாரத்தில் ஐந்து நாள் இரண்டு ஸ்கிரீன்களை மாறி மாறி முறைத்துப் பார்ப்பது வேலை. சனிக்கிழமை வந்துவிட்டால் மார்பு வரைக்கும் வருகிற ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கைகோமிஷ் ஆற்றில் போய் நிற்பார். (பெயரைக் கேட்டால் யாரோ தும்மியது மாதிரி இருக்கும். காஸ்கேட் மலையில் பிறந்து, பச்சைக் கண்ணாடி மாதிரி இறங்கி வருகிற அழகான ஆறு.) கையில் தூண்டில். எதிரில் தண்ணீர். ஆக, ஆறாவது நாளும் எதையோ முறைத்துப் பார்க்கிறார். இதற்குச் சம்பளம் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனோம். மீன்பிடி சாமான் கடை. நம் ஊரில் ஜவுளிக்கடை எத்தனை பெரிசோ அத்தனை பெரிசு. அதில் ஒரு முழுச் சுவர் பூராவும் நூல் மட்டும். சுருள் சுருளாக. நம் கடற்கரையில் தங்கூஸ் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற சமாசாரத்துக்கு இங்கே முப்பது வகை, முப்பது விலை.

"இதிலே லீடர் எது?" என்றார் மச்சான், கடைப் பையனிடம்.

லீடர் என்றதும் நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். கட் அவுட் எதுவும் தெரியவில்லை. விஷயம் வேறு. ரீலில் சுற்றியிருப்பது மெயின் லைன், நூற்றுக்கணக்கான அடி. அதன் கடைசியில், முள்ளுக்கு முன்னால், இரண்டு மூன்று அடிக்குத் தனியாக வேறு நரம்பு ஒன்றைக் கட்டுகிறார்கள். அதன் பெயர்தான் லீடர். முன்னால் போவதால் லீடர். நம் லீடர்களுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ஆபத்து வந்தால் இது முதலில் தன்னைப் பலி கொடுக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

சுருளின் மேல் 4, 6, 8, 10 என்று பவுண்ட் கணக்கு போட்டிருந்தது. அத்தனை பவுண்ட் இழுவை வரைக்கும் அறுந்து போகாமல் தாங்கும் என்று அர்த்தம். மச்சான் ஒன்றுமே யோசிக்காமல் 30 பவுண்ட் சுருளை எடுத்தார். நான் பி.காம்.காரன். டாலருக்கு எத்தனை பவுண்ட் என்று மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். 30 பவுண்டுதான் லாபம். "சரியான செலக்‌ஷன் மச்சான்" என்றேன்.

கடைப் பையன் ஏதோ சொல்ல வாய் திறந்து, கஸ்டமர் எப்போதும் சரி என்ற தர்மப்படி மூடிக்கொண்டான்.

* * *

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு ஆற்றங்கரை. செப்டம்பர் மாசம்தான், ஆனால் என் பற்கள் தாளம் போட்டன. எனக்கு ஒரு நாள் லைசென்ஸ் வாங்கியிருந்தார். அதோடு ஒரு கார்டு. சால்மன், ஸ்டீல்ஹெட் பிடித்து வீட்டுக்கு எடுத்துப் போவதானால் எந்தத் தேதி, எந்த ஆறு, என்ன மீன் என்று அங்கேயே எழுத வேண்டுமாம். ரேஷன் கார்டு மாதிரி. சர்க்கரைக்குப் பதில் சால்மன்.

யாருக்காக இத்தனை கெடுபிடி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சால்மன் ஆற்றில் பிறக்கிறது. கடலுக்குப் போய் வளர்ந்து ஆளாகிறது. முட்டையிட மட்டும் பிறந்த ஆற்றைத் தேடிக்கொண்டு திரும்பி வருகிறது. பசிபிக் சால்மனில் சினுக், கோஹோ, சாக்கை, பிங்க், சம் என்று அமெரிக்கக் கரையில் ஐந்து சகோதரர்கள். ஐந்து பேரும் முட்டையிடும் கடமை முடிந்ததும் செத்துப் போவார்கள். ஸ்டீல்ஹெட் வேறு ரகம். ஆற்றிலேயே வாழ்கிற ரெயின்போ ட்ரவுட் மீன்தான் அது. அதில் சில மட்டும் கடலுக்குப் போய், பெரிசாகி, வெள்ளி மினுமினுக்கத் திரும்பி வரும். அப்போது ஸ்டீல்ஹெட் என்று பெயர் மாறுகிறது. துபாய் போய் வந்த பையனுக்கு ஊரில் பெயர் மாறுகிற மாதிரி. இது முட்டையிட்ட பிறகு செத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பிழைத்தால் மறுபடி கடல், மறுபடி ஆறு. 1969 முதல் வாஷிங்டன் மாநிலத்தின் அதிகாரபூர்வ மீன் இதுதான். ஆனால் பதவியால் பெரிய பாதுகாப்பு ஒன்றும் கிடைத்துவிடவில்லை. இந்தப் பக்கத்து ஸ்டீல்ஹெட் குறைந்துகொண்டே போய், 2007-ல் ஆபத்திலிருக்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

அதனால் ஒரு சட்டம். பண்ணையில் பொரிக்க வைத்து ஆற்றில் விடுகிற குஞ்சுகளுக்கு முதுகில், வாலுக்குச் சற்று முன்னால் இருக்கும் குட்டிச் சதைத் துடுப்பை வெட்டி விடுகிறார்கள். தூண்டிலில் வந்த மீனுக்கு அந்தத் துடுப்பு இல்லையென்றால் பண்ணை மீன், சீஸனும் கணக்கும் அனுமதித்தால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். துடுப்பு முழுசாக இருந்தால் அது ஆற்றிலேயே பிறந்த காட்டு ஸ்டீல்ஹெட். விட்டுவிட வேண்டும். தண்ணீரை விட்டு முழுசாக வெளியே தூக்கக்கூடக் கூடாது. போட்டோவுக்கு மார்போடு அணைத்துக்கொண்டு பல்லைக் காட்டினால் அபராதம்.

இத்தனையும் மச்சான் எனக்குக் குசுகுசுவென்று சொல்லிக்கொண்டிருந்தார். மீன் கேட்டுவிடுமாம்.

மூன்று மணி நேரம் வீசினோம். இழுத்தோம். வீசினோம். எங்கள் 30 பவுண்ட் லீடரை எந்த மீனும் சட்டை செய்யவில்லை. முப்பதடி தள்ளி ஒரு கிழவர், சிவப்புத் தொப்பி, பிளாஸ்க்கில் காப்பி. விமானக் கம்பெனியில் ரிட்டயர் ஆனவராம். அவர் அதற்குள் ஒரு கோஹோ பிடித்து, மண்டையில் தட்டி, கார்டில் எழுதியும் முடித்துவிட்டார். எங்களுக்குப் பொறாமை. அவருக்குப் பரிதாபம். மெதுவாக நடந்து வந்து எங்கள் லீடரை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இதில் என்ன கட்டப் போகிறாய்? படகா?"

(அவர் சொன்னது 'சன்'. தமிழில் 'மகனே' என்று போட்டால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். அதனால் தம்பி.)

"வலுவா இருக்கணும்னுதான்..." என்றார் மச்சான்.

"எங்கே அறுந்து போக வேண்டும் உனக்கு?"

அறுந்து போகவே கூடாது என்றுதானே கடையில் அத்தனை காசு கொடுத்தோம்! கிழவர் பாறையில் உட்கார்ந்து, காப்பியை ஊற்றிக்கொண்டு பாடம் நடத்த ஆரம்பித்தார். காலேஜில் எனக்கு இப்படி ஒருத்தர் கிடைத்திருந்தால் நான் சி.ஏ. முடித்திருப்பேன்.

* * *

ஆற்றின் அடியில் பாறை இருக்கிறது, மரக்கட்டை இருக்கிறது. முள் எதிலாவது மாட்டத்தான் செய்யும். இழுத்தால் ஏதோ ஓர் இடத்தில் அறுந்தே தீரும். எல்லாமே 30 பவுண்ட் என்றால் எங்கே அறும் என்று யாருக்கும் தெரியாது. கம்புக்குப் பக்கத்தில் அறுந்தால் நூற்றைம்பது அடி நரம்பு, தக்கை, ஈயம், முள் எல்லாம் ஆற்றோடு போகும். கடைசி இரண்டடியை மட்டும் வேண்டுமென்றே பலவீனமாக வைத்தால், அங்கே அறும். ஒரு முள், இரண்டடி நரம்பு. நஷ்டம் அவ்வளவுதான்.

வீட்டில் ஃப்யூஸ் கட்டையில் ஏன் மெல்லிய கம்பி போடுகிறோம்? அடிக்கடி போகிறதே என்று எரிச்சலில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வைத்துக் கட்டினவர் கதை ஒவ்வொரு தெருவிலும் உண்டு. ஃப்யூஸ் போகவில்லை. வீடு போயிற்று.

எனக்கு இதைக் கேட்டதும் கம்பெனி சட்டம் நினைவு வந்தது. லிமிடெட் லயபிலிட்டி! கம்பெனி மூழ்கினால் பங்குக்குப் போட்ட பணத்தோடு போகும். வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு தப்பிக்கும். லீடர் என்பது நீங்கள் போட்ட பங்குத் தொகை. மூன்று வருஷம் காலேஜில் புரியாதது, இரண்டடி தங்கூஸில் புரிந்தது.

தக்கை போடாமல் தரையோடு உருட்டிப் பிடிக்கிறவர்கள் ஈயத்தை இன்னும் மெல்லிய நரம்பில் தனியாகத் தொங்க விடுவார்களாம். பாறை இடுக்கில் சிக்குவது பெரும்பாலும் ஈயம்தானே? ஈயம் மட்டும் போகும், முள்ளும் மீனும் மிஞ்சும். ஃப்யூஸுக்குள் ஒரு குட்டி ஃப்யூஸ்.

அடுத்த பாடம், கண். ஆற்றுக்குத் திரும்பின சால்மன் சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறது. பசிக்காத ஆளை ஓட்டலுக்கு அழைத்துப் போய் டிபன் சாப்பிட வைப்பது போன்ற வேலை இது. கோபத்திலோ பழைய பழக்கத்திலோ ஒரு கடி கடித்தால்தான் உண்டு. அப்படிப்பட்ட மனநிலையில் இருப்பவர் எதிரில் தாம்புக்கயிறு மாதிரி ஒன்று வந்தால் என்ன செய்வார்? ஒதுங்கிப் போவார். ஆகவே நீர் தெளிவாக இருந்தால் மெல்லிய லீடர், நீளமாக. மழை பெய்து கலங்கியிருந்தால் தடித்த லீடர், குட்டையாக.

கணக்கு எழுதிக்கொள்கிறவர்களுக்காக: ஸ்டீல்ஹெட் என்றால் பொதுவாக 8 முதல் 12 பவுண்ட். தண்ணீர் வற்றித் தெளிந்திருந்தால் 6 வரைக்கும் இறங்கலாம். கோஹோவுக்கு 10 முதல் 15. சினுக் என்கிற ராஜா சால்மனுக்கு 20, 25. ராஜாவின் சைஸ் தெரிய வேண்டுமா? 1985-ல் அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் லெஸ் ஆண்டர்சன் என்பவர் பிடித்த சினுக் 97 பவுண்ட் 4 அவுன்ஸ். நம் கணக்கில் 44 கிலோ. சராசரி கல்லூரி மாணவியின் எடை.

"அப்படியானால் 20 பவுண்ட் நரம்பு 40 பவுண்ட் மீனை எப்படித் தாங்கும்?" என்றேன், பி.காம். மூளையோடு.

கிழவருக்கு நான் கேட்டது பிடித்துவிட்டது. தண்ணீரில் மீனுக்கு எடை கிட்டத்தட்டக் கிடையாது. நரம்பை இழுப்பது அதன் எடை அல்ல, ஓட்டமும் ஆற்றின் வேகமும். கம்பு வில்லாக வளைந்து பாதி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மீதியை ரீலில் இருக்கும் டிராக் என்ற பிரேக் பார்த்துக்கொள்ளும். ஒரு அளவுக்கு மேல் இழுத்தால் நரம்பை விட்டுக் கொடுக்கும். அந்த அளவை லீடரின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைக்க வேண்டும். 10 பவுண்ட் லீடர் என்றால் மூன்று பவுண்டில் விட்டுக் கொடு. கல்யாணமானவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

* * *

இனி எந்த நரம்பு என்ற கேள்வி. கிழவரின் மடியில் சின்னப் பெட்டி, அதில் சரித்திரமே இருந்தது.

நைலானுக்கு முன்னால் லீடர் எதில் செய்தார்கள் தெரியுமா? பட்டுப் புழுவில். கூடு கட்டத் தயாரான புழுவைக் காடியில் போட்டு, அதன் வயிற்றிலிருக்கும் பட்டுச் சுரப்பியை எடுத்து, இரண்டு கையாலும் நீளமாக இழுத்துக் காய வைப்பார்கள். ஸ்பெயினில் முர்சியா என்கிற இடம் இதற்குப் பேர் போனது. உபயோகிக்கும் முன் தண்ணீரில் ஊற வைக்காவிட்டால் பட்டென்று ஒடியும். நம் ஊரில் புழு செத்தால் புடவை. அங்கே செத்தால் தூண்டில். எப்படியும் புழுவுக்கு ஒரே முடிவுதான்.

1938-ல் டூபாண்ட் கம்பெனி நைலானை அறிவித்தது. முதலில் பல் தேய்க்கும் பிரஷ், அப்புறம் பெண்களின் ஸ்டாக்கிங்ஸ், கூடவே மீன் நரம்பு. பட்டுப் புழு பிழைத்தது. நைலான் மலிவு, மிருது, முடிச்சு லேசாக விழும். ரப்பர் மாதிரி கொஞ்சம் நீளும், அதிர்ச்சியைத் தாங்கும். குறை என்னவென்றால் தண்ணீரைக் குடிக்கும். குடித்தால் பலம் குறையும். (மனுஷன் மாதிரிதான், திரவம் மட்டும் வேறு.) வெயிலிலும் நைந்து போகும்.

1971-ல் ஜப்பானில் குரேஹா என்ற கம்பெனி ஃப்ளூரோகார்பன் நரம்பைக் கொண்டுவந்தது. நம் ஒட்டாத தோசைக்கல்லின் டெஃப்லானுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இதன் மகிமை என்ன? பள்ளிக்கூடத்தில் படித்த ஒளிவிலகல் எண்ணை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு 1.33. நைலானுக்கு 1.5-க்கு மேல். ஃப்ளூரோகார்பனுக்கு 1.42. தண்ணீரின் எண்ணுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு கண்ணுக்குத் தப்பும். மீனுக்குத் தெரியவே தெரியாது என்று விளம்பரம் செய்கிறார்கள். அது முழுப் பொய் அல்ல. முழு நிஜமும் அல்ல. எல்லா விளம்பரத்தையும் போல நடுவில் நிற்கிறது. நிஜமான லாபம் வேறு இரண்டு: நைலானைவிடக் கனம், அதனால் சீக்கிரம் மூழ்கும். பாறையில் உரசினால் நைலானைவிடத் தாங்கும். ஆனால் விறைப்பு. விலையும் விறைப்பு. ஒரு குட்டிச் சுருள் பதினைந்து இருபது டாலர்.

இப்போது பலர் ரீலில் பின்னல் நரம்பு சுற்றுகிறார்கள். பாலிஎதிலீன் இழைகளைப் பின்னியது. 30 பவுண்ட் பின்னல், 8 பவுண்ட் நைலான் பருமன்தான் இருக்கும். அத்தனை பலம், அத்தனை மெல்லிசு. ஆனால் துளியும் நீளாது, தண்ணீரில் பளிச்சென்று தெரியும், பாறையில் உரசினால் சட்டென்று போகும். பின்னல் போட்டவனுக்கு லீடர் இல்லாமல் கதி இல்லை.

கடைசிப் பாடம், முடிச்சு. எந்த நரம்பும் முடிச்சு விழுந்த இடத்தில்தான் பலவீனம். காய்ந்த நிலையில் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பே சேதமாகும், ஃப்ளூரோகார்பன் இதில் இன்னும் கோபக்காரன். எனவே எச்சில் தடவி மெதுவாக இறுக்க வேண்டும். ஊசியில் நூல் கோக்கும் என் பாட்டி பண்ணின அதே காரியம். பாட்டி ஸ்கைகோமிஷ் பக்கம் வந்ததே இல்லை.

கிழவர் தன் சுருளிலிருந்து 10 பவுண்ட் ஃப்ளூரோகார்பன் ஆளுக்கு இரண்டடி வெட்டிக் கொடுத்தார். கூடவே ஒரு எச்சரிக்கை. "பாறையில் மாட்டி விடுபட்டால் ஒவ்வொரு தடவையும் நகத்தால் லீடரை நீவிப் பார். சொரசொரப்பு தட்டினால் வெட்டிப் போட்டுப் புதிசாகக் கட்டு. சோம்பேறித்தனம் பண்ணாதே."

* * *

நான் சோம்பேறித்தனம் பண்ணினேன்.

பத்து மணி வாக்கில் என் முள் அடியில் எங்கோ மாட்டி, ஒரு இழுப்பில் விடுபட்டது. நகத்தால் நீவிப் பார்க்க கையுறையைக் கழற்ற வேண்டும். குளிர். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று வீசினேன். அடுத்த தடவையே வந்தது மீன்.

தக்கை முங்கியது. கம்பு வளைந்தது. ரீல் வீல் என்று கத்தியது. தண்ணீருக்கு மேலே ஒரு வெள்ளித் தகடு எகிறிப் பளிச்சிட்டு விழுந்தது. எனக்கு வாழ்க்கையில் இன்க்ரிமென்ட் வந்தபோதுகூட அப்படி இதயம் அடித்ததில்லை. எட்டு விநாடி இருக்கும். அப்புறம் கம்பு நிமிர்ந்தது. நரம்பு காற்றில் ஆடிக்கொண்டு திரும்பி வந்தது. முனையில் ஒன்றுமில்லை.

கிழவர் வந்து அறுந்த நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போஸ்ட்மார்ட்டம். நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியது, தப்பு கட்டினவன் மேல். சுத்தமாக வெட்டின மாதிரி இருந்தால் பலத்துக்கு மீறின இழுவை, தப்பு டிராக் வைத்தவன் மேல். நார் நாராக, வெள்ளை பூத்திருந்தால் பாறை உரசல்.

நார் நாராக இருந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. எங்கோ மேலே ஒரு மீன் என் முள்ளை வாயில் வைத்துக்கொண்டு முட்டையிடப் போகிறது. பத்து விநாடி வேலை. கையுறை கழற்றச் சோம்பல்.

"விடு மாப்ளே. எதிர்முள் இல்லாத கொக்கிதான். அதுவே கழண்டு விழுந்தாலும் விழுந்துடும்" என்றார் மச்சான். பிறகு கரையில் உட்கார்ந்து சப்பாத்தி ரோலைப் பிரிக்கும்போது, ஆற்றைப் பார்த்துக்கொண்டே அவர் கதையைச் சொன்னார்.

போன வருஷம். இதே ஆறு. தண்ணீர் வற்றிக் கண்ணாடியாக இருந்தது. யாரோ சொன்னார்கள் என்று 4 பவுண்ட் லீடர் போட்டிருந்தார். பெரிய ஸ்டீல்ஹெட் மாட்டியது. இழுத்தால் அறுந்துவிடும் என்று பயந்து பயந்து விட்டுக் கொடுத்தார். அது ஓட, இவர் கரையோரமாகப் பின்னாலேயே ஓட, இருபத்தைந்து நிமிஷம். பெருமை தாங்கவில்லையாம். நாலு பவுண்ட் நரம்பில் அத்தனை பெரிய மீன்! பக்கத்தில் வந்ததும் முதுகைப் பார்த்தார். துடுப்பு முழுசாக இருந்தது. காட்டு மீன்.

"சட்டப்படி முள்ளை எடுத்து விட்டேன் மாப்ளே. தண்ணியை விட்டு வெளியவே எடுக்கலை. ஆனா அதால நீந்த முடியல. அத்தனை நேரம் ஓடி ஓடி அதோட சதையெல்லாம் ஓய்ஞ்சு போச்சு. பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்தேன். கையை விட்டா மல்லாந்து போகுது. அப்படியே மிதந்து அந்தப் பாறைக்கு அந்தாண்ட போயிடுச்சு."

அதனால்தான் இந்த வருஷம் 30 பவுண்ட். வலு வேண்டும் என்பதற்காக அல்ல, பயத்தில். மெல்லிய நரம்பு மீனைக் கொல்கிறது என்று தெரிந்ததும், அவர் எந்த மீனும் தொடாத கயிறாக எடுத்துக்கொண்டார். கடையில் நான் "சரியான செலக்‌ஷன்" என்று சொன்னபோது அவர் சிரிக்காததன் காரணம் இப்போதுதான் தெரிந்தது.

கிழவருக்கு இதை இங்கிலீஷில் சொன்னார். அவர் தலையாட்டினார். "லீடர் மெல்லிசாக இருந்தால் மீன் ஏமாறும். ரொம்ப மெல்லிசாக இருந்தால் நீ ஏமாறுவாய். மீனைக் கரைக்கு வேகமாகக் கொண்டுவர எது போதுமோ, அதுதான் சரியான பலம். தண்ணீர் அத்தனை தெளிவு என்றால், அன்றைக்கு வீட்டுக்குப் போ" என்றார். வெயில் ஏறித் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலும் இப்படித்தானாம். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. பிடித்து விட்டாலும் மீன் பிழைப்பது கஷ்டம்.

* * *

சாயங்காலம் நாலரை மணி. மச்சான் தக்கை முங்கியது.

இந்தத் தடவை ஓட்டம் இல்லை, பயம் இல்லை. 10 பவுண்ட் லீடர், நகத்தால் மூன்று தடவை நீவிப் பார்த்துப் புதிசாகக் கட்டியது. கம்பைப் பக்கவாட்டில் சாய்த்து, அது ஓடும்போது விட்டு, நின்றபோது இழுத்து, கரைக்குக் கொண்டுவந்தார். நான் கைக்கடிகாரம் பார்த்தேன். ஆறு நிமிஷம்.

ஸ்டீல்ஹெட். முதுகு பாசிப் பச்சை, வயிறு வெள்ளி, கன்னத்தில் ரோஜாப் பூச்சு. நானும் அவரும் ஒரே சமயத்தில் முதுகைப் பார்த்தோம். வாலுக்கு முன்னால் அந்தக் குட்டித் துடுப்பு, கட்டை விரல் நகம் மாதிரி, முழுசாக இருந்தது.

மச்சான் குனிந்து, தண்ணீருக்குள்ளேயே முள்ளை எடுத்தார். வாலடியில் ஒரு கை, வயிற்றுக்குக் கீழே ஒரு கை. ஓடி வரும் தண்ணீரைப் பார்த்து மூஞ்சி இருக்கும்படி பிடித்துக்கொண்டார். செவுள் திறந்து மூடியது. திறந்து மூடியது. அவர் உதடு அசைந்தது. எண்ணினாரா, வேண்டிக்கொண்டாரா தெரியாது. திடீரென்று ஒரு உதறல். அவர் முகம் பூராவும் தண்ணீர். மீனைக் காணோம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டார். தண்ணீரைத் துடைத்தார் என்றே வைத்துக்கொள்வோம்.

கிளம்பும்போது என் அறுந்த துண்டைக் கரையில் போட்டேன். கிழவர் முறைத்த முறைப்பில் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். இந்த நரம்பு சீக்கிரத்தில் மக்காது. பறவைகள் காலில் சுற்றிக்கொண்டால் அதோடு சரி.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா கேட்டாள்: "மீன் எங்கே?"

"விட்டுட்டோம்" என்றார் மச்சான்.

அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். லைசென்ஸ், நரம்பு, பெட்ரோல், ரப்பர் கால்சட்டை. "சூப்பர் மார்க்கெட்டில் இதில் பாதிக்கு சால்மன் கிடைக்கும்" என்றாள். பி.காம். படித்தது நான், கணக்கு வருவது அவளுக்கு.

ஊருக்கு வந்து பர்ஸைத் திறந்தபோது அந்த நாலங்குலத் துண்டு அதிலேயே இருந்தது. இன்னும் தூக்கிப் போடவில்லை. ஆபீசில், வீட்டில், ஏதாவது ஒரு பத்து விநாடி வேலையை 'அடுத்த தடவை பார்த்துக்கலாம்' என்று தள்ளும்போது எடுத்து நகத்தால் நீவிப் பார்க்கிறேன். சொரசொரவென்றுதான் இருக்கிறது.

30 பவுண்ட் சுருளை அக்கா வீணாக்கவில்லை. கொல்லைப்புறத்தில் அவரைக் கொடி ஏற்றியிருக்கிறாள். அறுந்தே போகாதாம்.